மார்கழிக்கு முந்திய பனி

மொன்றியல்
20 ஒக்டோபர் 1986

அன்புள்ள மாமிக்கு,

தயாளினியின் சாதகம் கிடைத்தது. தம்பி தவநேசனின் சாதகத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்று இங்கே பார்த்தவர் சொன்னார். அம்மா உயிரோடு இருந்திருந்தால், தன் தம்பி மகளையே மருமகளாக எடுக்கிறோம் என்று துள்ளிக் குதித்திருப்பா. எனக்கும் மறுப்பில்லை. சொந்தத்துக்குள்ளே மறுக்கிற பழக்கம் நமக்கு ஏது?

ஒரே ஒரு விடயம். தம்பி இருபது வயதிலேயே என்னோடு இந்த நாட்டுக்கு வந்தவன். சோபாவில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, தலை குனிந்து நிற்கிற பெண்ணைப் பார்ப்பது அவனுக்குச் சரிவராது. பனிக்காலம் வந்தால் அவனுக்குப் பனியில் சறுக்குகிற ஸ்கீதான் உலகம். ஸ்கீ மலையிலே, பெண்ணும் ஸ்கீ போட்டு நிற்க, அங்கே பார்க்க வேண்டும் என்கிறான். போன வருடம் எடுத்த படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பாருங்கள், எப்படி நிற்கிறான் என்று.

மார்கழி பிறந்தால் நல்ல காரியம் தொடங்க ஏலாது. தை பிறக்கத் தம்பி கம்பெனி வேலையாக வன்கூவர் பக்கம் போகிறான், திரும்பி எப்போது என்று தெரியாது. ஆகவே மார்கழிக்கு முதல் பார்த்துவிட வேண்டும். அதற்குள் ரொறன்ரோவில் எங்கே ஸ்நோ என்று நீங்கள் கேட்பீர்கள். சரிவராவிட்டால் நான் குறை நினைக்க மாட்டேன் மாமி. எல்லாம் கடவுள் விட்ட வழி.

உங்கள் மருமகள்
கனகாம்பிகை தியாகலிங்கம்


வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
28 ஒக்டோபர் 1986

அன்பு மருமகள் கனகத்துக்கு,

படம் பார்த்தோம். மலையும் வடிவு, மாப்பிள்ளையும் வடிவு.

உன் விருப்பத்தை மகளிடம் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "இதுக்கென்னம்மா, பழகினாப் போச்சு" என்றாள். அஜின்கோர்ட்டில் அவளோடு பரிசோதனை லாப்பில் வேலை செய்கிற வேரோனிக்கா ஸ்கீ பழகினவள். தன் சப்பாத்தையும் ஸ்கீயையும் கொண்டுவந்து எங்கள் விறாந்தைக் கம்பளத்திலேயே பாடம் தொடங்கிவிட்டாள். அந்தச் சப்பாத்து இருக்கிறதே, கருங்கல்லில் செய்தது போலக் கனம். மகள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கீழ் வீட்டுக்காரன் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிக்கிறான்.

ஸ்நோ தேடுவதுதான் பெரிய வேலை. இங்கே ஒவ்வொரு மலைக்காரரும் ரெலிபோனில் ஒரு குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மலை திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று அது சொல்லும். மகள் வேலையால் வந்து முகம் கழுவ முதல் அதைத்தான் கேட்கிறாள். இயற்கை ஸ்நோ பிந்தும், ஆனால் இரவு குளிர் இறங்கினால் மெசினால் ஸ்நோ அடிக்கிற மலைகள் முந்தித் திறக்குமாம். பரி என்கிற ஊருக்கு வடக்கே அப்படி ஒன்று இருக்கிறது. நவம்பர் 15, சனிக்கிழமை திறக்கப் போகிறோம் என்கிறார்கள். அங்கே வந்துவிடுங்கள்.

உனக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது கனகம்? தையோடு பிள்ளைக்கு முப்பது. முன்பு வந்த இரண்டு இடமும் எப்படிப் போனதென்று உனக்குத் தெரியும். மாமா கண் மூடும்போது இவளை என் கையில்தான் பிடித்துக் கொடுத்தார். இந்த இடம் சரிவர வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. சரிவந்தால் நம்மட ஊர் முறைப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில், எங்களோடு இங்கே வந்து இருக்கலாம். மகளின் அறைக்கு இப்போதே புதுத் திரைச்சீலை போட்டுவிட்டேன்.

அன்புடன்
மாமி நாகேஸ்வரி


வெக்ஸ்போர்ட்
17 நவம்பர் 1986

கனகத்துக்கு,

"ஓம் மாமி, வாறம்" என்று ரெலிபோனில் சொன்னது நீதானே? அல்லது உன் வீட்டிலும் பதிந்து வைத்த குரலா?

விடிய எழும்பிப் புட்டு அவித்து, வெண்பொங்கல் கிண்டி, தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து, கூறைச்சேலை ஒன்றுதான் குறை, மற்ற எல்லாம் கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் மலை முழுக்கச் சேறு. முதல்நாள் இரவு மழை கொட்டியதில் மெசின் அடித்த ஸ்நோ எல்லாம் கரைந்து, அடிவாரத்தில் அழுக்குச் சோறு போல ஒரு குவியல் கிடந்தது. நான் பட்டுச் சேலையும் றப்பர் சப்பாத்துமாக அந்தச் சேற்றில் மாலை வரை நின்றேன். மகள் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையைப் பார்த்தபடி நின்றாள். வேலியடியில் நின்ற காவலாளி இரண்டு தரம் வந்து "மலை பூட்டு, வீட்டை போங்கோ" என்று கையால் காட்டினான். சாப்பாட்டில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

நீங்கள் ஏன் வரவில்லை? வராவிட்டால் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா?

நாகேஸ்வரி


மொன்றியல்
21 நவம்பர் 1986

மாமிக்கு,

உங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இந்த நாட்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எங்கேயும் புறப்பட முதல் ரெலிபோன் எடுத்துக் கேட்பது இங்கத்தைய வழக்கம். நாங்கள் அன்று காலையில் மலைக்கு எடுத்தோம், பூட்டு என்று சொன்னது, ஆகவே நாங்கள் புறப்படவில்லை. நீங்கள் கேளாமல் வெளிக்கிட்டுப் போய் நின்றால் அதற்கு நான் பொறுப்பா? எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த ஆட்களுக்கு இதெல்லாம் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தம்பிக்கும் பெரிய ஏமாற்றம். நல்ல ஸ்நோ இல்லாத மலையில் அவன் கால் வைக்க மாட்டான். இனி மார்கழிக்கு முதல் இது நடக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வருடம் ஸ்நோ பிந்துமென்று ரீவியிலும் சொல்கிறார்கள். உங்களுக்கு வீண் அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். இல்லை, பார்த்தேதான் ஆக வேண்டும் என்றால், இரண்டு ஊருக்கும் நடுவில் ஒட்டாவாப் பக்கம் ஏதாவது பாருங்கள். அந்தப் பக்கம் எதுவும் திறந்திருக்காது என்றே கேள்வி.

கனகாம்பிகை


வெக்ஸ்போர்ட்
1 டிசம்பர் 1986

கனகாம்பிகைக்கு,

திறந்திருந்தது. நீயும் கண்ணால் கண்டாய். ஒட்டாவாவுக்கு அப்பால் வடக்குப் பார்த்த மலை, வெயில் படாத பக்கம், மெசினால் அடித்த ஒரேயொரு கீற்று. மகள் ஒரு கிழமை ரெலிபோனும் கையுமாக இருந்து கண்டுபிடித்தது. அங்கே மகளின் சிநேகிதி அன்ரனெற் வீட்டில் இரவு தங்கி, விடிய அங்கே போய் நின்றோம். நீ தனியே வந்து இறங்கினாய்.

"தம்பிக்குத் திடீரெண்டு டியூட்டி மாமி. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கொண்டுவந்து விட்டார்" என்றாய். சரி, நம்பினேன். பிறகு கன்ரீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு, என் பிள்ளை விழுந்தபோதெல்லாம் எண்ணினாயே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? "முப்பது வயசில இதெல்லாம் கஷ்டம்தான்" என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளுக்கு இங்கிலீசில் சொன்னாய். எனக்கு அந்த அளவு இங்கிலீசு விளங்கும் கனகம். வயோதிபர் இல்லத்துக் குசினியில் சமைத்துக்கொண்டு நாள் முழுக்க அதைத்தான் கேட்கிறேன்.

அவள் விழுந்தாள், உண்மை. விழுந்த ஒவ்வொரு முறையும் எழும்பினாள். பின்னேரம் விழாமல் வந்தாள். அப்போது நீ கழுவுகிற அறைக்குப் போயிருந்தாய்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து மகள் உன் தம்பியின் படத்தை எடுத்துக் கனநேரம் பார்த்தாள். "அம்மா, ஸ்கீச் சப்பாத்துக் கொழுக்கி வெளிப்பக்கமா வரோணும். இவருக்கு உள்பக்கம் கிடக்கு. கால் மாறிப் போட்டிருக்கிறார்" என்றாள். ஸ்கீ உலகம் என்று எழுதினாயே, அந்த உலகத்தில் இடக்கால் வலக்கால் வித்தியாசம் இல்லையா?

நாகேஸ்வரி


மொன்றியல்
4 டிசம்பர் 1986

திருமதி நாகேஸ்வரி அவர்களுக்கு,

ஒரு படத்தை வைத்துக்கொண்டு என் தம்பியைப் பரிகாசம் செய்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள். யாரோ அவசரத்தில் போட்டுவிட்ட சப்பாத்து அது. அதைத் துருவிப் பார்க்கிற பெண் நாளைக்கு என் வீட்டில் எதையெல்லாம் துருவுவாள் என்று எனக்கு யோசனையாக இருக்கிறது.

நீங்கள் திரைச்சீலை போட்டீர்கள். நல்லது. ஊர் முறை, ஊர் முறை என்று எழுதினீர்கள். அந்த ஊர் முறைப்படி என் தம்பியை நீங்கள் கொண்டுபோய்விட்டால், இங்கே என் மனிசனின் கதி என்ன? இவருக்குச் சிறுநீரகம் பழுதான நாள் தொடக்கம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குகிறவன் தம்பிதான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிரெஞ்சு நாலு சொல் தெரியாது. தாதிமாரோடு கதைப்பதும் அவன்தான். அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியவள் நான். இதையெல்லாம் யாராவது கேட்டீர்களா? சாதகத்தை அனுப்பிவிட்டு அறையை ஒதுக்கிவிட்டீர்கள்.

இதற்கு மேல் எழுதினால் வாய் தவறிவிடும்.

கனகாம்பிகை தியாகலிங்கம்


வெக்ஸ்போர்ட்
8 டிசம்பர் 1986

திருமதி தியாகலிங்கம் அவர்களுக்கு,

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. இவ்வளவு வயது போயும் நான் ஒரு மடைச்சி.

நம்முடைய ஆட்கள் சொந்தத்துக்குள்ளே பெண் கேட்டால் ஏலாது என்று சொல்வதில்லை. வீடு கட்டி முடியட்டும், அக்காவின் காரியம் ஒப்பேறட்டும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். கேட்டவர்கள் அதை விளங்கிக்கொண்டு விலகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் முகம் முறியாது. நீங்கள் அப்படித்தான் மார்கழிக்கு முதல் ஸ்நோ என்று சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள்தான் அறிவு கெட்டுப்போய் அதை உண்மையென்று நம்பி, ஸ்நோவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தோம். ஒவ்வொரு தரமும் நீங்கள் புதிதாக ஒரு சாக்குத் தேட வேண்டியதாயிற்று.

தியாகலிங்கத்தின் நோய் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதை ஒக்டோபரிலேயே எழுதியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை பிடித்திருக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அவருக்கு ஏலாது. ஒட்டாவாவுக்கு உங்களைக் கொண்டுவந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நான் காணவேயில்லையே. அவ்வளவு தூரம் ஓடி வந்தவர் ஒரு வாய் கோப்பி குடிக்கவும் உள்ளே வராமல் எங்கே போனார்?

மார்கழிக்கு முதல் இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. லோரென்சியன் மலைகளில் நல்ல இயற்கை ஸ்நோ விழுந்திருக்கிறது, பதிந்த குரல் சொன்னது. உங்கள் வீட்டு வாசலில் இருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. நாங்கள் வருகிறோம். கொண்டுவந்து காட்டுங்கள், அல்லது ஏலாது என்று வாய் திறந்து சொல்லுங்கள். இரண்டில் ஒன்று.

நாகேஸ்வரி


மொன்றியல்
15 டிசம்பர் 1986

மாமிக்கு,

நடந்தவைகளை மனதில் வைத்திருக்க வேண்டாம். கோபத்தில் நானும் எழுதினேன், நீங்களும் எழுதினீர்கள்.

சனிக்கிழமை தம்பி வந்தான், நீங்கள் கண்டீர்கள். இவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததால் அவன் மனம் ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் சப்பாத்தைத் திரும்பவும் மாறிப் போட்டுவிட்டான். ஆனால் தயாளினி அத்தனை பேருக்கு முன்னால் ஸ்நோவில் முழங்காலில் இருந்து அவன் சப்பாத்தைக் கழற்றி மாற்றிப் போட்டதைக் கண்டபோது என் மனம் இளகிவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் ஆண்பிள்ளையின் காலைத் தொடுவாள்? வீட்டுக்கு வந்த நேரம் தொடக்கம் தம்பி அதே கதைதான். "அக்கா, எனக்குச் சம்மதம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

ஆகவே நான் தடையாக நிற்கவில்லை. தை மாதத்தில் நாள் பார்ப்போம். வன்கூவர்ப் பயணத்தைத் தள்ளி வைக்கலாம். ஒன்று மட்டும்: கலியாணத்துக்குப் பிறகு அவர்கள் இங்கே எங்களோடுதான் இருக்க வேண்டும். தயாளினிக்கு இங்கேயும் லாப் வேலை கிடைக்கும். வயது முப்பது ஆகிற பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் இனி வராதென்பது உங்களுக்கே தெரியும்.

மருமகள்
கனகாம்பிகை


வெக்ஸ்போர்ட்
20 டிசம்பர் 1986

திருமதி தியாகலிங்கம் அவர்களுக்கு,

மகள் அவன் சப்பாத்தை மாற்றிப் போட்டது, அப்படியே மலையில் இறங்கினால் காலை முறித்துக்கொள்வான் என்பதற்காக. குழந்தைப்பிள்ளை மாறிப் போட்டாலும் அதைத்தான் செய்திருப்பாள். அதில் பணிவைத் தேட வேண்டாம்.

மலைக்கு ஏற்றுகிற கதிரை லிப்ற்றில் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே மேலே போனார்கள். போகிற வழியில் உங்கள் தம்பி மனம் திறந்து கதைத்தாராம். தான் ஒருநாளும் ஸ்கீ போட்டதில்லை என்றாராம். படம் எடுக்க மட்டும் ஒருதரம் வாடகைக்குச் சப்பாத்து எடுத்தாராம், அதுதான் நீங்கள் அனுப்பியது. மகள் அதற்குக் கோபிக்கவில்லை. "பழகினால் வரும்" என்றாளாம்.

அதோடு விட்டிருக்கலாம். அவளைப் புகழ்வதாக நினைத்து அடுத்ததையும் சொல்லியிருக்கிறார். "ஒட்டாவாவில நீங்க விழுந்து விழுந்து எழும்பினதை நான் காருக்குள்ள இருந்து முழு நாளும் பார்த்துக்கொண்டிருந்தன். அண்டைக்கே எனக்கு உங்களைப் பிடிச்சிட்டுது. அக்கா இறங்க வேண்டாமெண்டு சொன்னா, அதுதான் இறங்கேல்ல."

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எனக்குத் தெரிகிறார்.

மகள் லிப்ற்றால் இறங்கி, உங்கள் தம்பியைத் திரும்ப அதே லிப்ற்றில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டு, தனியாகச் சறுக்கி வந்தாள். ரொறன்ரோ வரை அவளே காரை ஓட்டி வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டுதான் சொன்னாள்.

"அம்மா, இந்த ரெண்டு மாசமா எத்தனை மலைக்கு ரெலிபோன் எடுத்தன்? பூட்டெண்டா பூட்டெண்டு சொன்னாங்கள். ஒருத்தரும் என்னைக் காக்க வச்சுப் பார்க்கேல்ல. நான் அவ்வளவு தூரம் வந்து நிக்கிறதைக் கண்டும் கார்க்கதவைத் திறக்காத மனிசன் எனக்கு வேண்டாம்."

நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கெஞ்சினேன். முப்பது வயது என்றேன், அப்பா என்றேன், அழுதும் பார்த்தேன். அவள் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அந்தத் தேநீர் ஆறிப்போகும்வரை யோசித்தேன். நானும் சேற்றில் நின்றவள்தானே? எனக்கு மட்டும் ஏன் அது உறைக்காமல் போனது?

நாகேஸ்வரி


மொன்றியல்
27 டிசம்பர் 1986

மாமிக்கு,

தம்பி சாப்பிடுகிறான் இல்லை. என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறானும் இல்லை. "நீதான் அக்கா, நீதான்" என்று மட்டும் சொல்கிறான். காருக்குள் இருக்கச் சொன்னது நான். ஓம், நான்தான். ஆனால் முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருந்தால் நான் பிடித்தா வைத்திருக்கப் போகிறேன்? அதற்கும் நானா பழி?

உங்கள் மகளுக்கு இவ்வளவு செருக்கு ஆகாது மாமி. இருந்தாலும் தம்பிக்காக இறங்கி வருகிறேன். அவன் ரொறன்ரோவுக்கே வரட்டும். நீங்கள் திரைச்சீலை போட்ட அறையிலேயே இருக்கட்டும். இவரை ஏற்ற ஆஸ்பத்திரி வான் வரும், கேட்டுவிட்டேன். நான் பிரெஞ்சு வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதைவிட நான் என்ன செய்ய?

சொந்தத்துக்குள்ளே யாரும் முழுதாக மறுப்பதில்லை, நீங்களே எழுதினீர்கள். ஆகவே உங்கள் மனதிலும் ஏதோ ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். என்னவென்றாலும் செய்கிறோம்.

கனகாம்பிகை


வெக்ஸ்போர்ட்
3 ஜனவரி 1987

கனகத்துக்கு,

உன் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஸ்கீயைக் காரில் ஏற்றப் போய்விட்டாள். மார்கழியிலே இங்கே எல்லா மலையும் திறந்து கிடக்கிறது. நல்ல காரியம் எதுவும் தொடங்காத மாதத்தில்தான் நல்ல ஸ்நோ விழுகிறது. இன்றைக்கு வேரோனிக்காவோடு போகிறாள். எனக்கும் ஒரு கம்பளிக் காற்சட்டை வாங்கி வைத்திருக்கிறாள்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அது ஆற நாளாகும். என் பிள்ளை விழுந்ததையெல்லாம் நீ எண்ணினதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தியாகலிங்கத்தைப் பார்த்துக்கொள். பிரெஞ்சு வகுப்பை விட்டுவிடாதே. கார் ஓட்டவும் பழகு.

என்ன நிபந்தனை என்று கேட்டாய். உன்னை ஒரு நாள்கூடக் காக்க வைக்க மாட்டேன், இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன். நிபந்தனை ஒன்றும் இல்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

மாமி